எந்திரம் வந்தது, இயக்கும் கை எங்கே?

வீராம்பட்டினத்துப் பிள்ளைகளுக்கு மூச்சின் அருமையைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தர வேண்டியது இல்லை. கடலே சொல்லித்தந்துவிடும்.

புதுச்சேரிப் பட்டணத்துக்குத் தெற்கே, அரியாங்குப்பத்தை அடுத்து உள்ள பெரிய மீனவர் ஊர் வீராம்பட்டினம். செங்கழுநீர் அம்மன் கோவில் இங்கேதான் இருக்கிறது. ஆடி மாதத் தேரோட்டத்துக்குச் சுற்றுவட்டாரமே கூடிவிடும். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடிப்பார். அந்த வழக்கம் இன்றும் நிற்கவில்லை.

இதுபோன்ற கடற்கரை ஊர்கள் பலவற்றில் ஒரு பழக்கம் உண்டு. நீரில் மூழ்கியவரைக் கரைக்குத் தூக்கி வந்ததும் வயிற்றை அமுக்குவார்கள். தோளில் குப்புறப் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். உள்ளே போன தண்ணீர் வெளியே வந்துவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்வான் என்பது நம்பிக்கை.

இது தவறு என்கிறது மருத்துவம். வயிற்றில் உள்ள தண்ணீர் ஆளைக் கொல்வது இல்லை. மூச்சு நின்றதுதான் கொல்கிறது. வயிற்றை அமுக்கினால், உள்ளே இருப்பது மேலே ஏறி, நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

மூச்சு இல்லை என்றால் ஆளை மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும். வாயோடு வாய் வைத்துக் காற்றை ஊத வேண்டும். நெஞ்சின் நடுவே இரண்டு கைகளாலும் அழுத்த வேண்டும். ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. பிழைத்து எழுந்து உட்கார்ந்து பேசுகிறவரையும், இருமலோ மூச்சிரைப்போ இருந்தால், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். சில மணி நேரம் கழித்துக்கூட மூச்சுத் திணறல் அதிகமாகலாம்.

அது ஏன்?

நுரையீரலுக்குள் கோடிக்கணக்கான சின்னஞ்சிறு காற்றுப் பைகள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்து விரித்தால் 700 சதுர அடிக்கு மேல் வரும்; ஒரு சிறு வீடு அளவு! அந்தப் பைகளின் உட்புறத்தில் வழவழப்பான ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது. அது இருப்பதால்தான் பைகள் ஒட்டிக்கொள்ளாமல் விரிந்து சுருங்குகின்றன. உள்ளே போன தண்ணீர் அந்தப் பூச்சைக் கெடுத்துவிடுகிறது. பைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொள்கின்றன. தண்ணீரை விட்டு வெளியே வந்த பிறகும் ஆள் மூச்சுக்குத் தவிக்கிறான்.

இந்த நிலையில் இருப்பவரைக் காப்பாற்றக் கற்றவர்தான் நுரையீரல், தீவிர சிகிச்சை நிபுணர்.

கிடங்கில் கிடந்த எந்திரம்

"வெண்டிலேட்டர்" என்ற சொல் 2020-ம் ஆண்டுக்கு முன்பு எத்தனை வீடுகளில் தெரியும்? கொரோனா வந்தது. அந்தச் சொல் கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. மூச்சு விட முடியாதவரின் நுரையீரலுக்குள் குழாய் வழியாகக் காற்றைச் செலுத்தும் எந்திரம் அது.

2020-ம் ஆண்டு மே மாதம், 50 ஆயிரம் வெண்டிலேட்டர்கள் வாங்குவதற்காக பி.எம். கேர்ஸ் நிதியில் இருந்து 2 ஆயிரம் கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. நாடு முழுவதும் எந்திரங்கள் போய்ச் சேர்ந்தன. புதுச்சேரியில் கதிர்காமம் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியே கொரோனா ஆஸ்பத்திரியாக மாறியது.

ஓர் ஆண்டு கழிந்தது. 2021-ம் ஆண்டு மே மாதம் இரண்டாவது அலை உச்சத்தில் இருந்தது. அப்போது சில மாநிலங்களில் வெண்டிலேட்டர்கள் பயன்படாமல் கிடங்கில் கிடப்பதாகச் செய்திகள் வந்தன. அந்த எந்திரங்கள் பொருத்தப்பட்டனவா, இயங்குகின்றனவா என்று உடனே தணிக்கை செய்யும்படி பிரதமர் உத்தரவிட்டார். தேவைப்பட்டால் ஊழியர்களுக்கு மறுபடியும் பயிற்சி கொடுக்கவேண்டும் என்றும் சொன்னார்.

பணம் வந்தது. எந்திரமும் வந்தது. ஆனால் எந்திரம் தானாக உயிரைக் காப்பாற்றாது என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்தது. எந்திரத்தை ஒரே நாளில் வாங்கிவிடலாம். அதை இயக்கத் தெரிந்த டாக்டரை உருவாக்கப் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

மாணவர்களே எந்திரம் ஆனார்கள்

இந்தத் துறை பிறந்த கதையும் இதையேதான் சொல்கிறது.

1952-ம் ஆண்டு. டென்மார்க் நாட்டின் தலைநகர் கோபன்ஹேகன். இளம்பிள்ளைவாதம் ஊரைச் சூறையாடியது. மூச்சுத் தசைகள் செயல் இழந்த குழந்தைகளை அள்ளிக்கொண்டு வந்தார்கள். ஆரம்பத்தில் அப்படி வந்த 31 பேரில் 27 பேர் மூன்று நாட்களுக்குள் இறந்துவிட்டார்கள்.

அப்போது மயக்க மருந்து டாக்டர் ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவர் பெயர் பியர்ன் இப்சன். அவர் சொன்னபடி தொண்டையில் சிறு துளை போட்டுக் குழாயைச் செருகினார்கள். அவர் ஒரு ரப்பர் பையைக் கையால் அமுக்கி உள்ளே காற்றைச் செலுத்தினார். சாகக் கிடந்த 12 வயதுச் சிறுமி பிழைத்தாள்.

ஆனால் பையை அமுக்க ஆள் வேண்டுமே! மருத்துவக் கல்லூரி மாணவர்கள் வந்தார்கள். மொத்தம் சுமார் 1,500 பேர். இரவும் பகலும் முறைபோட்டுக்கொண்டு, நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து பையை அமுக்கினார்கள். வாரக்கணக்கில் அமுக்கினார்கள். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் செத்துக்கொண்டு இருந்த நிலை மாறியது. பாதிக்கு மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள்.

அடுத்த ஆண்டே இப்சன், ஆபத்தான நோயாளிகளை ஒரே இடத்தில் வைத்துக் கண்காணிக்கும் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். இன்று "ஐ.சி.யூ." என்று சொல்லப்படும் தீவிர சிகிச்சைப் பிரிவின் தொடக்கம் அதுதான்.

அங்கே முதலில் வந்தது எந்திரம் அல்ல, கை.

பதினோரு ஆண்டுப் படிப்பு

இந்த டாக்டர் ஆவதற்கு என்ன படிக்க வேண்டும்?

பிளஸ் 2 முடித்து, "நீட்" தேர்வில் தேறி, மருத்துவக் கல்லூரியில் சேரவேண்டும். எம்.பி.பி.எஸ். படிப்பு நாலரை ஆண்டு. அதன் பிறகு ஓர் ஆண்டு ஆஸ்பத்திரியில் பயிற்சி. ஆக, ஐந்தரை ஆண்டு.

மறுபடியும் ஒரு தேர்வு. அதில் தேறினால் நுரையீரல் மருத்துவத்தில் எம்.டி. படிப்பு. இது மூன்று ஆண்டு. காசநோய், ஆஸ்துமா, நிமோனியா, புகையால் வரும் நோய், புற்றுநோய் என்று நெஞ்சுக்குள் வரும் எல்லாவற்றையும் இங்கே கற்கவேண்டும்.

அதற்கும் மேலே டி.எம். என்ற மேல்பட்டம் உண்டு. அதற்கும் தேர்வு, அதுவும் மூன்று ஆண்டு. தீவிர சிகிச்சையை இங்கேதான் முழுமையாகக் கற்கிறார்கள். பொது மருத்துவமோ, மயக்க மருந்தோ படித்துவிட்டுத் தீவிர சிகிச்சைக்கு வருகிறவர்களும் உண்டு.

கூட்டிப் பார்த்தால் பதினோரரை ஆண்டு. பதினெட்டு வயதில் உள்ளே போனவர், ஒரு தேர்வில்கூடத் தவறாவிட்டாலும், வெளியே வரும்போது முப்பதை எட்டியிருப்பார்.

இவ்வளவு காலம் அப்படி என்னதான் கற்கிறார்கள்? ஒரே ஒரு பாடத்தைப் பார்த்தால் போதும், மற்றவை விளங்கும்.

எவ்வளவு காற்று?

நல்ல உடம்புள்ள ஒருவர் நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது தடவை மூச்சு விடுகிறார். ஒரு மூச்சு சுமார் அரை லிட்டர் காற்று.

நோயில் துவண்ட நுரையீரலுக்கு எந்திரம் எவ்வளவு காற்றைக் கொடுக்கவேண்டும்? பாவம், மூச்சுக்குத் தவிக்கிறாரே, கொஞ்சம் கூடுதலாகவே கொடுப்போம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஒரு காலத்தில் டாக்டர்களும் அப்படித்தான் கொடுத்தார்கள்.

அமெரிக்காவில் 861 நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்துச் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்கு அதுவரை வழக்கத்தில் இருந்த பெரிய மூச்சு. மற்றொரு பிரிவுக்கு அதில் பாதி அளவுள்ள சிறிய மூச்சு. முடிவு 2000-ம் ஆண்டில் வெளிவந்தது. பெரிய மூச்சு பெற்றவர்களில் நூற்றுக்கு 40 பேர் இறந்தார்கள். சிறிய மூச்சு பெற்றவர்களில் நூற்றுக்கு 31 பேர்தான் இறந்தார்கள்.

புது மருந்து இல்லை. புது எந்திரமும் இல்லை. அளவைக் குறைத்தார்கள்; அவ்வளவுதான்! நூற்றுக்கு ஒன்பது உயிர் மிஞ்சியது.

காரணம் எளிது. நோய் வந்த நுரையீரலில் பாதிப் பைகள் மூடிக்கிடக்கின்றன. முழு நுரையீரலுக்கு உரிய காற்றைத் திணித்தால், திறந்திருக்கும் கொஞ்சப் பைகள் பலூன்போல அளவுக்கு மீறி உப்பிக் கிழிகின்றன. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பாட்டிமார் சொன்னது பொய் அல்ல.

சரி, அளவை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆளின் எடையைப் பார்த்தா? இல்லை. உயரத்தைப் பார்த்து! ஆள் பருத்தால் தொப்பை வளருமே தவிர, நுரையீரல் வளராது. 170 சென்டிமீட்டர் உயரம் உள்ள ஆணுக்கு ஒரு மூச்சு சுமார் 400 மில்லி. 150 சென்டிமீட்டர் உயரம் உள்ள பெண்ணுக்குச் சுமார் 260 மில்லி. அந்தப் பெண் எவ்வளவு பருமனாக இருந்தாலும் கணக்கு அதேதான்.

எந்திரத்தில் பொத்தானை அமுக்க ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். எந்த எண்ணை வைப்பது, எப்போது மாற்றுவது, எப்போது எந்திரத்தை விட்டு ஆளை விடுவிப்பது? அதற்குத்தான் பதினோரு ஆண்டு.

ஆக்சிஜனும் இப்படியே. பல ஆண்டுகள் புகைபிடித்து நுரையீரல் கெட்டவருக்கு ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்தால், உடம்பில் கரியமிலவாயு சேர்ந்து மயக்கம் வந்துவிடலாம். மற்றவர்களுக்கு ஆக்சிஜன் அளவு 94-க்கு மேல் இருக்கவேண்டும் என்று பார்க்கும் டாக்டர், இவருக்கு 88-க்கும் 92-க்கும் இடையே நிறுத்துவார்.

குப்புறப் படுத்தால் பிழைக்கலாம்

இன்னொரு வைத்தியம் உண்டு. அதற்கு எந்த எந்திரமும் வாங்க வேண்டாம்.

வெண்டிலேட்டரில் இருக்கும் ஆபத்தான நோயாளியைக் குப்புறப் படுக்கவைப்பதுதான் அது! மல்லாந்து படுத்தால் முதுகுப் பக்கத்து நுரையீரல் நசுங்கிக் கிடக்கிறது. குப்புறப் படுத்தால் அது விரிகிறது.

பிரான்ஸ், ஸ்பெயின் நாடுகளில் 466 நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு தடவைக்கு 16 மணி நேரமாவது குப்புறப் படுக்கவைத்தார்கள். 2013-ம் ஆண்டில் முடிவு வந்தது. 28 நாட்களுக்குள் இறந்தவர்கள், மல்லாந்து படுத்தவர்களில் நூற்றுக்கு 33 பேர். குப்புறப் படுத்தவர்களில் நூற்றுக்கு 16 பேர். சாவு பாதியாகக் குறைந்துவிட்டது.

ஆனால் இதில் ஒரு சங்கடம் உண்டு. தொண்டையில் குழாய், கழுத்தில் குழாய், கையில் குழாய். ஒன்றுகூட நழுவாமல் ஆளைப் புரட்டவேண்டும். நாலைந்து பேர் சேர்ந்தால்தான் முடியும். ஒருவர் தலையையும் குழாயையும் பிடித்துக்கொண்டு குரல் கொடுப்பார். மற்றவர்கள் ஒரே நேரத்தில் புரட்டுவார்கள்.

டாக்டர் மட்டும் போதாது, நர்சும் உதவியாளரும் அதே அளவு பயிற்சி பெற்றிருக்கவேண்டும் என்பது இதனால் விளங்கும்.

காசநோய் வளர்த்த துறை

நம் நாட்டில் நுரையீரல் டாக்டரை முதலில் உருவாக்கியது காசநோய்தான். எம்.டி. பட்டத்தின் பழைய பெயரே "காசநோய், சுவாச நோய்கள்" என்பதுதான்.

சென்னைக்குப் பக்கத்தில் தாம்பரத்தில் 1928-ம் ஆண்டு டாக்டர் சவுரிமுத்து ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். நல்ல காற்று, நல்ல உணவு, ஓய்வு. அந்தக் காலத்தில் காசநோய்க்கு வேறு வைத்தியம் இல்லை. பிறகு மருந்துகள் வந்தன. ஆனாலும் நோயாளியை மாதக்கணக்கில் சானடோரியத்தில் வைக்கத்தான் வேண்டும் என்று உலகம் நம்பியது.

சென்னையில் 1956-ம் ஆண்டு தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம் அந்த நம்பிக்கையை உடைத்தது. ஒரு பகுதி நோயாளிகளுக்குச் சானடோரியத்தில் சிகிச்சை. மற்றவர்களுக்கு அவரவர் வீட்டிலேயே மருந்து. வீடோ சிறியது, சாப்பாடோ குறைவு. ஆனாலும் வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணம் அடைந்தார்கள். 1959-ம் ஆண்டு வெளிவந்த அந்த முடிவு உலகத்தின் காசநோய் வைத்தியத்தையே மாற்றியது.

புதுச்சேரியின் கதை இன்னும் பழையது. பிரெஞ்சுக்காரர்கள் 1823-ம் ஆண்டிலேயே இங்கு மருத்துவப் பள்ளி வைத்தார்கள். அதற்கு ஏழு ஆண்டு முன்புதான், பாரிசில் லேனெக் என்ற டாக்டர், நெஞ்சில் வைத்துக் கேட்கும் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்திருந்தார். நெஞ்சு நோயை உலகுக்கு விளக்கிய அவரே 1826-ம் ஆண்டு காசநோயால் இறந்துபோனார்.

பிரெஞ்சு ஆட்சி போன பிறகு, 1956-ம் ஆண்டு இங்கே தன்வந்திரி மருத்துவக் கல்லூரி வந்தது. அதுவே ஜிப்மர் ஆயிற்று. 1964-ம் ஆண்டு ஜூலை 13-ந் தேதி ஜனாதிபதி டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். 2008-ம் ஆண்டு அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆனது.

இன்று கோரிமேட்டில் உள்ள ஜிப்மரில் நுரையீரலுக்கு என்றே தனிப் பிரிவு இருக்கிறது. எத்தனையோ ஊர்க்காரர்களுக்குக் கிடைக்காத வசதி இது. வீராம்பட்டினத்தில் இருந்து பட்டணத்தைத் தாண்டினால் கோரிமேடு வந்துவிடும்.

நெஞ்சில் நோய் இல்லாமலே

நுரையீரலில் ஒரு குறையும் இல்லாமல் மூச்சு நிற்பதும் உண்டு. கட்டுவிரியன் கடி அப்படிப்பட்டது.

இரவில் தரையில் படுத்துத் தூங்குகிறவரை அது கடிக்கும். வலிகூட அவ்வளவாகத் தெரியாது. விடியும்போது கண் இமை தொங்கும். பேச்சுக் குழறும். பிறகு மூச்சுத் தசைகள் ஓய்ந்துவிடும். விஷமுறிவு மருந்துடன், சில நாள் எந்திரம் மூச்சு கொடுத்தால் போதும். தசைகள் மறுபடியும் வேலை செய்யும். செத்தவர் என்று நினைத்தவர் நடந்து வீட்டுக்குப் போவார்.

பூச்சி மருந்து குடித்தவர்களையும் இப்படித்தான் காப்பாற்றுகிறார்கள். மந்திரிக்கவும் பச்சிலை தேடவும் போகும் ஒவ்வொரு நிமிடமும் இவர்களுக்கு எமன்.

குடும்பத்தார் கவனத்துக்கு

நிபுணர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், ஆள் நேரத்தோடு வந்து சேரவேண்டும். அது குடும்பத்தார் கையில் இருக்கிறது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைச் சோதிக்கவேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு கிடையாது. காசநோய் என்று தெரிந்தால் மருந்தும் இலவசம். சாதாரணக் காசநோய் ஆறு மாத மருந்தில் குணமாகிவிடும். நடுவில் நிறுத்தக்கூடாது. சத்துணவுக்காக மாதம் 500 ரூபாயாகக் கொடுத்துவந்த உதவித்தொகையை 2024-ம் ஆண்டு நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறார்கள்.

பீடி, சிகரெட் பிடிப்பவர் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கினால், வயதாகிவிட்டது என்று சும்மா இருக்கக்கூடாது. விறகு அடுப்புப் புகையில் பல ஆண்டு நின்ற பெண்களுக்கும் இதே நோய் வரும். பீடியே தொடாத பாட்டிக்கு ஏன் மூச்சிரைக்கிறது என்பதற்குப் பல வீடுகளில் அடுப்புதான் பதில்.

ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால், உதடு நீலம் பூத்தால், மூச்சு விடும்போது விலா எலும்புகளின் நடுவே சதை உள்ளே இழுத்தால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கக்கூடாது. அந்த இரவே கிளம்பவேண்டும்.

சிறு குழந்தைகளுக்கு வேர்க்கடலை கொடுத்துவிட்டுச் சிரிக்கவைக்கவோ ஓடவிடவோ வேண்டாம். அது மூச்சுக்குழாயில் இறங்கிவிட்டால், குழாய் விட்டுத்தான் எடுக்கவேண்டும்.

கேட்க வேண்டிய கேள்வி

இன்றைக்கு எந்திரத்துக்குப் பஞ்சம் இல்லை. சிறிய ஊர் ஆஸ்பத்திரிகளில்கூட வெண்டிலேட்டர் இருக்கிறது. புது எந்திரம் வந்தால் விழா எடுக்கிறார்கள், படம் பிடிக்கிறார்கள். அதன் பக்கத்தில் இரவு இரண்டு மணிக்கு யார் நிற்பார்கள் என்று யாரும் கேட்பது இல்லை.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளில் நிபுணர் இருக்கிறார். கிராமத்துப் பக்கம் இல்லை. ஒரு நிபுணரே பல ஆஸ்பத்திரிகளுக்கு ஓடவேண்டிய நிலையும் பல இடங்களில் இருக்கிறது. மேல்படிப்பு இடங்களை அதிகமாக்க வேண்டும். நர்சுகளுக்கும் உதவியாளர்களுக்கும் ஆண்டுதோறும் பயிற்சி கொடுக்கவேண்டும். இன்று ஓர் இடம் கூட்டினால், அதில் சேர்பவர் நிபுணராக வெளிவர மூன்று ஆண்டு ஆகும். பள்ளிப் பிள்ளையில் இருந்து கணக்குப் போட்டால் பதினோரு ஆண்டு. அடுத்த கொள்ளைநோய் அதுவரை காத்திருக்குமா?

உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குப் புது எந்திரம் வந்தால் மகிழ்ச்சி அடையுங்கள். கூடவே ஒரு கேள்வியும் கேளுங்கள்:

"இதை இயக்க எத்தனை பேர் படித்திருக்கிறார்கள்?"